மாரெனின் வலது கை

வண்டிப் பலகையில் நடுவில் நான். வலப்பக்கம் ஜேரட், கையில் கடிவாளம். இடப்பக்கம் மாரென், மடியில் ரொட்டி மூட்டை. சடங்கு வீட்டிலும் இதே வரிசையில்தான் நிற்க வேண்டும் என்று பிஷப் சொல்லியிருக்கிறார், ஆகவே மூன்று மணி நேரம் பழகிக்கொள்கிறோம் என்று வைத்துக்கொள்ளலாம். மூப்பர் என்னைக் கேட்பார், இந்தப் பெண்ணை உன் கணவனுக்கு மனைவியாகக் கொடுக்க உனக்கு மனமா என்று. நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. அவளுடைய வலது கையை எடுத்து ஜேரட்டின் வலது கையில் வைக்க வேண்டும், அதுதான் பதில். பதினொரு வருஷம் குடும்பம் நடத்தினவளிடம் இவ்வளவுதான் கேட்கிறார்கள். மேஜையில் உப்பு ஜாடியை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைக்கிற வேலை. ஜேரட் முகம் மழித்திருக்கிறார். தாடைக்குக் கீழே சின்னதாக ஒரு வெட்டு, ரத்தம் காய்ந்து ஒட்டியிருக்கிறது. எங்கள் கல்யாணத்தன்றும் அதே இடத்தில்தான் வெட்டிக்கொண்டார், அப்போது நாங்கள் இருந்த நாவூவில், ஆற்றங்கரை வீட்டில். துடைத்துவிட என் கை எழுந்தது, மடக்கி மடியில் வைத்துக்கொண்டேன். இன்றைக்குமா நான் துடைத்துவிட வேண்டும்? இருக்கட்டும், மூப்பர் பார்க்கட்டும். ஜேரட்டின் தொண்டைக்குள் ஏதோ ஞானப்பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. பாடுகிறோம் என்பது அவருக்கே தெரியாது. நான் திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுகிறது, கோவேறு கழுதை நாலு அடி வைத்ததும் மறுபடியும் தொடங்குகிறது. நல்ல மனிதர். அதுதான் சங்கடமே. குடிகாரராகவோ கை நீட்டுகிறவராகவோ இருந்திருந்தால் இந்தக் கோபத்தைக் கொண்டுபோய் வைக்க எனக்கு ஒரு இடம் கிடைத்திருக்கும்.

ஏப்ரல் பிறந்தும் மலை உச்சிகளில் பனி அப்படியே கிடக்கிறது. அந்த மலைகளைத் தாண்டித்தான் போன நவம்பரில் இந்த மாரென் வந்தாள். டென்மார்க்கிலிருந்து கப்பல், பிறகு ரயில், பிறகு ஆயிரம் மைலுக்குமேல் கைவண்டியை இழுத்துக்கொண்டு நடை. மாடு வாங்க வசதியில்லாத விசுவாசிகள் அப்படித்தான் அந்த வருஷம் சீயோன் என்று நாங்கள் சொல்கிற இந்த மலைநாட்டுக்கு வந்தார்கள். வழியில் பனி பிடித்துக்கொண்டது. இவளுடைய அம்மாவை ஏதோ ஒரு மேட்டில் பனிக்குள் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். பிழைத்தவர்களை மீட்டுக்கொண்டு வந்து எங்கள் ஊர் ஜெபவீட்டில் உட்காரவைத்து, வீட்டுக்கு ஒருவராக பிஷப் பிரித்துக் கொடுத்தார். "சகோதரி கெசியா, உங்க வீட்டுல ஒருத்தருக்கு இடம் இருக்குமா?" என்று கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் "இருக்கு" என்றேன். ஜேரட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாரும் தள்ளிவிடவில்லை, நானேதான். கந்தலில் சுற்றியிருந்த அந்த வலது கையை நான்தான் முதலில் பிரித்துப் பார்த்தேன். சுண்டு விரலும் மோதிர விரலும் பனி கடித்துக் கரி மாதிரி கறுத்திருந்தன. அவள் பேச்சு எனக்குத் தெரியாது, என் பேச்சு அவளுக்குத் தெரியாது. கட்டு மாற்றும்போது எங்கே வலிக்கிறது, எவ்வளவு வலிக்கிறது என்று எப்படிக் கேட்பது? ஆகவே அவள் இடது கையை என் முழங்கால்மேல் வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு தடவை அழுத்தினால் நிறுத்து. சேர்ந்தாற்போல் இரண்டு தடவை அழுத்தினால் பரவாயில்லை, செய். ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். குளிர்காலம் முழுக்க எங்களுக்குள் பேச்சு என்றால் அதுதான். இன்னும் கொஞ்சம் சூப் ஊற்றட்டுமா? ஒன்று. போர்வை இன்னொன்று போடட்டுமா? இரண்டு. ஜேரட்டுக்கு அது புரியாது, நாங்களும் சொல்லவில்லை. பெண்கள் இரண்டு பேர் அடுப்படியில் என்னவோ செய்துகொண்டிருக்கிறார்கள் என்று விட்டுவிட்டார்.

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது, மாரெனின் தோள் என்மேல் மோதுகிறது. "மன்னிச்சுக்கோங்க, சகோதரி" என்கிறாள். இப்போது நன்றாகவே பேசுகிறாள். கையை மட்டும் சால்வைக்குள் வைத்திருக்கிறாள், அந்தக் கையை. வீட்டில் மறைக்கமாட்டாள். நான் பார்க்காத கையா அது? மருந்து தெரிந்த மூப்பர் ஒருவர் வந்தார், பார்த்தார், "ரெண்டையும் எடுத்துடணும், இல்லேன்னா கை போயிடும், அப்புறம் ஆளே போயிடுவா" என்றார், அடுத்த ஊரில் இன்னும் மோசமாக ஒருவன் கிடக்கிறான் என்று போய்விட்டார். ஜேரட் தச்சர். தன்னுடைய சின்ன உளியைத் தீட்டி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து என்னிடம் கொடுத்தார், விறகு உடைக்க வெளியே போய்விட்டார். அன்றைக்கு எவ்வளவு விறகு உடைத்தார்! சுண்டு விரல் சும்மா வந்துவிட்டது. செத்துப்போன விரலுக்கு வலியேது? மோதிர விரலின் அடியில் உயிர் இருந்தது, அது எனக்குத் தெரியவில்லை. அவளுடைய இடது கை என் முழங்காலை அழுத்தியது. ஒரு தடவை. நிறுத்து. பாதியில் எப்படி நிறுத்துவேன்? உளி இறங்கிவிட்டது. நான் நிறுத்தவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அழுத்தினாள், ஒரு தடவை. அப்போது நான் என்ன செய்தேன் என்றால், அந்த ஒன்றையும் இந்த ஒன்றையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டேன். ஒன்றும் ஒன்றும் இரண்டு. பரவாயில்லை என்கிறாள், செய் என்கிறாள். அப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் கையை அசைத்து முடித்தேன். அது பொய் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும். கட்டுப் போட்டு முடித்ததும், எங்கள் பேச்சில் தனக்குத் தெரிந்த ஒன்றே ஒன்றைச் சொன்னாள். "நன்றி, சகோதரி." விரலை வெட்டியெடுத்தவளுக்கு நன்றி. அதன்பிறகு எதற்கெடுத்தாலும் அந்த வார்த்தைதான். தண்ணீருக்கு நன்றி, செருப்புக்கு நன்றி, தவறிக் கொட்டிவிட்ட வெந்நீருக்கும் நன்றி.

நன்மைதானே செய்தேன்? கையைக் காப்பாற்றினேன். ஆளையும் காப்பாற்றினேன். பிறகு ஏன் இங்கே வந்து நிற்கிறேன்? நிற்கவில்லை, உட்கார்ந்திருக்கிறேன், நடுவில். எல்லாம் அந்தக் காய்ச்சல் செய்த கோளாறு. விரல் எடுத்த மூன்றாம் நாள் அவளுக்கு உடம்பு கொதித்தது. கண் மேலே சொருகிவிட்டது. பிழைக்கமாட்டாள் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். பத்தொன்பது வயது, கல்யாணம் ஆகாதவள், அம்மா இல்லை. யாருக்கும் மறுமைக்குமான மனைவியாக முத்திரிக்கப்படாமல் செத்துப்போகிற பெண்ணுக்கு அங்கே என்ன கதி என்று எங்கள் சபையில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அவளுக்கென்று ஒரு குடும்பம் இருக்காது. நித்தியத்துக்கும் தனியாள், தேவதூதர்களுக்கு ஊழியம் செய்துகொண்டு. அதை நினைத்ததும் எனக்கு லூயிசா ஞாபகம் வந்துவிட்டாள். என் மகள். ஒன்பது வருஷம் முன்னால், சமவெளி கடந்து வருகிற வழியில், பத்தொன்பது மாதம் ஆனபோது போய்விட்டாள். பிளாட் ஆற்றோரம் புதைத்தோம். ஓநாய் தோண்டிவிடக் கூடாது என்று, புதைத்த இடம் தெரியாதபடி அத்தனை வண்டிகளையும் அதன்மேல் ஓட்டிக்கொண்டு போனார்கள். எங்கள் வண்டியும் போயிற்று. ஜேரட்தான் ஓட்டினார், நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன், சக்கரம் ஏறி இறங்கியது தெரிந்தது. இப்போது இந்தப் பள்ளத்தில் இறங்கியதே, அந்த மாதிரித்தான். இன்னும் அழுதுகொண்டே தூங்குகிறாளோ, அங்கே அவளை யார் தூக்குகிறார்கள்? அதன்பிறகு எனக்குப் பிள்ளை தங்கவில்லை. மாரெனின் படுக்கையோரம் உட்கார்ந்து நான் கணக்குப் போட்டேன், வெட்கமாக இருக்கிறது சொல்ல. இந்தப் பெண் போகப்போகிறாள். என் பிள்ளை அங்கே தனியாக இருக்கிறாள். இவளை எங்கள் வீட்டுக்கென்று முத்திரித்து அனுப்பினால், நான் போய்ச் சேரும்வரை லூயிசாவைத் தூக்கிவைத்துக்கொள்ள ஒரு ஆள் ஆயிற்று.

"ஜேரட், இவ பிழைக்கமாட்டா, இவளை உங்க பேருக்கு முத்திரிச்சுடுங்க" என்றேன். "என்ன சொல்றே நீ?" என்றார். "லூயிசா அங்க தனியா இருக்கா. இவ கூட இருப்பா. இவளுக்கும் ஒரு வீடுன்னு ஆகும்." அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "நிஜமாவே மனசாரத்தான் சொல்றியா, கெசியா?" என்று கேட்டார். "சத்தியமா" என்றேன். அந்த வார்த்தையை வேறு சொன்னேன். மறுநாள் காலையில் அவர் போய் பிஷப்பிடம் சொல்லிவிட்டார், பிஷப் கண்கலங்கினாராம், உன் மனைவிக்கு எவ்வளவு பெரிய மனசு என்றாராம். ஐந்தாம் நாள் மாரெனுக்கு வேர்த்தது. கண்ணைத் திறந்தாள். கை காட்டிச் சூப் கேட்டாள். நான் அழுதேன், சந்தோஷத்தில்தான் அழுதேன், அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. கொஞ்ச நாள் கழித்து வலது கையில் மிச்சமிருந்த மூன்று விரல்களையும் என் உள்ளங்கையில் வைத்து, தானாகவே அழுத்திக் காட்டினாள். இரண்டு தடவை. எனக்கு அன்றைக்கு இருந்த பெருமை லூயிசா முதல் அடி வைத்தபோதுதான் இருந்தது. கொடுத்த வார்த்தை அப்போது ஞாபகத்திலேயே இல்லை. செத்தவளுக்குச் சொன்ன வார்த்தை, அவள் சாகவில்லை, அப்புறம் என்ன?

ஆனால் வார்த்தை சாகவில்லை. பிப்ரவரியில் பிஷப் வந்தார். அந்தக் குளிர்காலம் ஊரூராக மனந்திரும்புதல் பிரசங்கம், இன்னொரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ளாத வீட்டுக்காரர்கள் பெஞ்சில் நெளிந்துகொண்டிருந்தார்கள். "நீங்க கொடுத்த வார்த்தைதானே, சகோதரி. செத்தாச் சம்மதம், பிழைச்சா இல்லையா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். செத்தால் சம்மதம், பிழைத்தால் இல்லை என்று சொல்கிறவள் எப்படிப்பட்டவள்? எனக்கு விசுவாசம் இல்லாமல் இல்லை. இது தேவன் கொடுத்த முறை என்றுதான் நம்புகிறேன், மற்ற வீடுகளைப் பார்க்கும்போது நன்றாகவே நம்ப முடிகிறது. பிஷப் எங்கள் மூன்று பேரையும் அடுப்படியிலேயே நிற்கவைத்துச் சடங்கைச் சொல்லிக்காட்டப் பார்த்தார். என் கை முழுக்க ரொட்டி மாவு. சரி, அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். மாரெனிடம் திரும்பி, "உனக்குச் சம்மதமாம்மா?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். மாவுக் கையைப் பார்த்தாள். "நன்றி" என்றாள். பிஷப் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார். நானும்தான். எந்தக் கேள்விக்கும் அவள் அதைத்தான் சொல்வாள் என்று அந்த அறையில் எனக்கு ஒருத்திக்குத் தெரியும். மறுநாள் துணி அலசும்போது கேட்டிருக்கலாம். அதற்கடுத்த வாரம் கேட்டிருக்கலாம். இரண்டு மாதம் இருந்தது. கேட்கவில்லை. தனக்கும் ஆசைதான் என்று அவள் சொல்லிவிட்டால் அதைக் கேட்டுக்கொண்டு எப்படி ஒரே வாளியில் துணி அலசுவது? ஆகவே கேட்கவில்லை. ஜேரட் வீட்டோடு சேர்த்து மாரெனுக்கென்று ஒரு அறை கட்டினார். புதுப் பலகை வாசனை படுக்கைவரை வந்தது. "ஜன்னல் எந்தப் பக்கம் வைக்கலாம், கெசியா?" என்று என்னைத்தான் கேட்டார். "கிழக்குப் பக்கம் வையுங்க, காலை வெயில் வரும்" என்றேன். பைத்தியக்காரி, நல்ல யோசனைதான் சொன்னேன்.

நகரம் வந்துவிட்டது. ஆலயத்துக்கு அஸ்திவாரம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், எழும்பி முடிய எத்தனை வருஷமோ, அதுவரைக்கும் எல்லாம் இந்தச் சடங்கு வீட்டில்தான். ஜேரட் இறங்கி எனக்குக் கை கொடுக்கிறார். பிறகு மாரெனுக்கு நீட்டுகிறார். அவள் இடது கையைக் கொடுக்கிறாள். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்து, நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் போய்விட்டது. போகாமலாவது இருந்திருக்கலாம். முடியாது என்று சொன்னால் என்ன ஆகும்? எத்தனையாவது தடவை இதை யோசிக்கிறேன்? காரணம் கேட்பார்கள். தகுந்த காரணம் இல்லையென்றால், பின்னால் ஒருநாள் என் சம்மதம் இல்லாமலே ஜேரட் இவளைச் சேர்த்துக்கொள்ளலாம், பாவம் என் தலையில். எங்கள் ஊரில் சகோதரி ஹார்ட்லி அப்படிச் சொன்னவள். பொறாமைக்காரி என்று பேர் எடுத்துவிட்டாள். ஜெபவீட்டில் அவளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பெஞ்சு காலியாக இருக்கும். நானே ஒரு ஞாயிறு அவள் பக்கத்தில் இடம் இருந்தும் பின்னால் போய் நின்றேன். அந்த ஒரு பேர் மட்டும் எனக்கு வேண்டாம். பசி, பனி, வெட்டுக்கிளி, பிள்ளைச் சாவு எல்லாம் பார்த்தாயிற்று, அந்தப் பேரை மட்டும் தாங்கமாட்டேன் என்று தோன்றுகிறது. "சகோதரி, கொஞ்சம் சாப்பிடுங்க" என்று மாரென் ரொட்டியைப் பிய்த்து நீட்டுகிறாள். வேண்டாம் என்று தலையாட்டுகிறேன். அவளும் சாப்பிடவில்லை. இரண்டு பேரும் வெள்ளை உடுத்திக்கொள்கிறோம். அவளுக்கு முதுகுப் பக்கம் முடிச்சுப் போட வராது, மூன்று விரல்தானே. நான்தான் போட்டுவிடுகிறேன். கழுத்துப் பின்னால் குளிர்ந்துபோய் இருக்கிறாள்.

மூப்பருக்கு ஜலதோஷம். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துவிட்டு, எங்களை நிற்கவைக்கிறார். வலப்பக்கம் ஜேரட், நடுவில் நான், இடப்பக்கம் மாரென். வண்டியிலேயே பழகியாயிற்று. ஜன்னலில் ஒரு ஈ. ஏப்ரலுக்குள் எங்கிருந்து வந்தது? "சகோதரி, இந்தப் பெண்ணை உங்க கணவருக்கு மனைவியாக் கொடுக்க உங்களுக்கு மனமா? மனசிருந்தா, அவ வலது கையை எடுத்து அவர் வலது கையில வையுங்க." ஜேரட் கையை நீட்டிவிட்டார். உள்ளங்கை மேலே பார்க்கிறது, உளி பிடித்துக் காய்த்த கை, நகத்தைக்கூடச் சுத்தம் செய்திருக்கிறார். மாரெனின் கையை எடுக்கிறேன். சால்வை இல்லாமல் அது சின்னதாக இருக்கிறது. வெட்டின இடத்தில் தோல் மழமழவென்று கூடியிருக்கிறது, என்னுடைய வேலை. இங்கிருந்து அங்கே ஒரு முழம்கூட இல்லை. தூக்குகிறேன். அப்போது அழுத்துகிறாள். மூன்று விரலும் என் உள்ளங்கையில். ஒரு தடவை.

கை நின்றுவிடுகிறது. இரண்டாவதுக்குக் காத்திருக்கிறேன். வந்துவிடும். பயத்தில் மெதுவாக அழுத்துகிறாள், அடுத்தது இப்போது வந்துவிடும். வரவில்லை. நானாக நினைத்துக்கொள்கிறேனா? ஒன்றாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை, அதனால் ஒன்றாகத் தெரிகிறதா? அவளைத் திரும்பிப் பார்க்கிறேன். தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், உதடு வெளுத்திருக்கிறது. பதினொரு வருஷம், ஒரு பிள்ளை, ஒரு அறை, கிழக்குப் பக்க ஜன்னல் என்று வழி முழுக்க என்னைப் பற்றியே நினைத்துக்கொண்டு வந்தேன். இவளை ஒரு தடவை நினைத்தேனா? வெந்நீர் கொட்டினாலும் நன்றி சொல்கிறவளை? "சகோதரி, கேட்டது காதுல விழுந்துதா?" என்கிறார் மூப்பர். "கெசியா" என்கிறார் ஜேரட், தூரத்திலிருந்து கூப்பிடுகிற மாதிரி. மாரென் மறுபடியும் அழுத்துகிறாள். ஒரு தடவை. அவ்வளவுதான். ஒன்று, நடுவே இத்தனை நேரம், பிறகு ஒன்று. எனக்கு இது தெரியும். முழங்காலில் இன்னும் இருக்கிறது இது. இரண்டையும் சேர்த்துக்கொண்டால் போதும். ஒன்றும் ஒன்றும் இரண்டு, செய் என்கிறாள், பரவாயில்லை என்கிறாள். ஒரு முழம்கூட இல்லை. ஊரில் எல்லாரும் என்னைப் பெரிய மனசுக்காரி என்பார்கள், வீட்டுக்குப் போனதும் இவள் நன்றி, சகோதரி என்பாள்.

நான் கூட்டவில்லை. அவள் கையைக் கீழே இறக்கி, என் பாவாடையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறேன். "எனக்கு மனமில்லை" என்கிறேன். மூப்பர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைக்கிறார். கோபப்படவில்லை, களைப்பாகத்தான் இருக்கிறார். "காரணம் இருக்கா, சகோதரி?" மாரெனுக்கு மனமில்லை என்று சொன்னால், அவளைத் தனியாக உட்காரவைத்துக் கேட்பார்கள், இரண்டு மூப்பர், ஒரு பிஷப். அவள் எல்லாருக்கும் நன்றி சொல்லிவிடுவாள். "இருக்கு" என்கிறேன். குரல் சரியாகவே வருகிறது. "பொறாமை, மூப்பரே. எனக்குப் பொறாமை." அது பொய்யும் இல்லை. ஜேரட் என்னைப் பார்க்கிறார், பதினொரு வருஷத்தில் பார்க்காத ஒருத்தியைப் பார்க்கிற மாதிரி, நீட்டின கையை மடக்க மறந்துபோய். அவர் தாடை வெட்டிலிருந்து மறுபடியும் ரத்தம் கசிகிறது. "இன்னைக்கு இது நடக்காது" என்று மூப்பர் புத்தகத்தை மூடுகிறார். மாரெனின் கை என் கைக்குள் இருக்கிறது, வேர்த்து, சூடாக. அழுத்தவில்லை. இன்னும் எடுக்கவும் இல்லை.